உஷார்! தாடை வீக்கம் வடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்

அத்திபெலேயில் ரூம் எடுத்துத் தங்கி, பொம்மசந்திராவுக்கோ ஓசூர் சிப்காட்டுக்கோ ஷிப்ட் போய்வரும் தம்பிகளே, இது முதலில் உங்களுக்கு. பிள்ளையை அங்கே வேலைக்கு அனுப்பிவிட்டு தர்மபுரியிலும் திருவண்ணாமலையிலும் கள்ளக்குறிச்சியிலும் இருக்கிற அப்பா அம்மாவும் படிக்க வேண்டும். விஷயம் கூச்சம் தருவதுதான். கூச்சப்பட்டே பலர் குழந்தை பெறும் வாய்ப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதால்தான் பச்சையாக எழுதுகிறேன்.

நெடுஞ்சாலை ஓரத்து மெடிக்கல் ஷாப் ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும், கம்பெனிச் சட்டையோடு ஒரு பையன் வந்தான். தாடையின் ஒரு பக்கம் இன்னும் லேசாக உப்பியிருந்தது. கவுண்டர் மேல் குனிந்து மெதுவாக, "அண்ணா, சூடு பிடிச்சிருக்கு. கீழ வலிக்குது, வீங்கின மாதிரி இருக்கு. ஏதாவது மாத்திரை குடுங்க" என்றான். கடைக்காரர் ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், இளநீர் குடிக்கச் சொல்லி ஒரு யோசனை, மூன்றையும் கொடுத்து அனுப்பினார். தாடையைப் பற்றி அவர் கேட்கவில்லை, பையனும் சொல்லவில்லை. ஓடிப்போய்ச் சொல்வதற்குள் அவன் பஸ் ஏறிவிட்டான்.

அது சூடு இல்லை. பொன்னுக்கு வீங்கி வந்த ஆணுக்குத் தாடை வீங்கிய நாலாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் மறுபடி காய்ச்சல் ஏறி, ஒரு பக்க விரை வீங்கி, தொடமுடியாமல் வலித்தால், கிருமி விரைக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். சிலருக்குப் பல நாள் கழித்தும் வரும். அபூர்வமாக, தாடை வீங்காமலேயேகூட விரை மட்டும் வீங்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அநேகமாக இல்லை. பருவம் வந்த ஆண்களில்தான், தடுப்பூசி போடாதவர்களுக்கு, நூற்றுக்கு 15 முதல் 30 பேர் வரை இப்படி ஆகிறது. "சின்ன வயசு நோய், மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசினா போயிடும்" என்று இருபது வயதுக்காரன் இருந்துவிடக்கூடாது.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவசரம் புரியும். நம் உடம்பின் எதிர்ப்பு மண்டலம் எது சொந்தம், எது அந்நியம் என்று குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொள்கிறது. விந்தணு உருவாவதோ பருவம் வந்த பிறகு. அதன் மேலிருக்கும் புரதங்கள் பலவற்றை எதிர்ப்பு மண்டலம் அதற்குமுன் பார்த்ததே இல்லை. பார்த்தால் அந்நியன் என்றே நினைக்கும். அதனால் உடம்பு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. 1865-இல் என்ரிகோ செர்டோலி என்ற இத்தாலியர் கண்டு சொன்ன செல்கள் விரைக்குள் ஒன்றோடொன்று இறுகக் கோத்து நின்று, ரத்தத்தையும் வளரும் விந்தணுவையும் பிரித்து வைக்கின்றன. அத்திபெலே செக்போஸ்ட் மாதிரி; இந்தப் பக்கத்து வண்டி சோதனையில்லாமல் அந்தப் பக்கம் போகாது.

பொன்னுக்கு வீங்கி வைரஸ் தாக்குவது இந்தத் தடுப்பையேதான். சீன ஆய்வாளர்கள் எலியின் விரைச் செல்களில் இதைப் படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். வைரஸைக் கண்டதும் செர்டோலி செல்களே அபாயச் செய்தி மூலக்கூறுகளைக் கொட்டுகின்றன. டி.என்.எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6, சி.எக்ஸ்.சி.எல்-10 என்று அவற்றுக்குப் பெயர். மற்ற இடத்தில் இவை நம்மைக் காப்பவை; கிருமி வந்த இடத்துக்கு வெள்ளணுக்களை அழைப்பவை. விரைக்குள் அதே மூலக்கூறுகள் வேறு வேலை செய்கின்றன. டி.என்.எஃப்-ஆல்ஃபா செல்களின் கோர்வையைத் தளர்த்துகிறது. சி.எக்ஸ்.சி.எல்-10 விந்தணுவாக வளரவேண்டிய செல்களைச் சாகச் சொல்கிறது. ஆண் ஹார்மோன் சுரக்கும் செல்களும் அடிபடுகின்றன. போதாததற்கு, விரையைச் சுற்றியிருக்கும் வெள்ளை உறை தடித்தது, விரிந்துகொடுக்காது. உள்ளே வீங்க வீங்க அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் குறைந்து, மெல்லிய குழாய்கள் நசுங்குகின்றன.

வீங்கிய விரைகளில் 30 முதல் 50 சதவீதம் பின்னால் ஓரளவு சுருங்கிப்போகின்றன. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பாதிக்கும் என்பதால் மறுபக்கம் தாங்கிக்கொள்கிறது. விரை வீங்கியவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்குக் கருத்தரிக்கச் செய்யும் திறன் குறைகிறது. முழு மலடு அரிது. இதைப் படிக்கிற யாரும் "எனக்கு வந்ததே, எல்லாம் போச்சே" என்று உடைந்துபோக வேண்டாம். ஆனால் தடுக்கக்கூடிய ஒரு நோய்க்கு இத்தனை பேர் விலை கொடுப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

தடுக்கக்கூடியது என்றேன். ஓட்டை இருப்பதும் அங்கேதான். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு பெரிய தடுப்பூசி இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. தொடங்கிய இடம் பெங்களூரு. கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் முதல் கட்டம். போட்டது எம்.ஆர். ஊசி: தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும். நல்ல ஊசி, உயிர்காக்கும் ஊசி, கட்டாயம் போடவேண்டியது. ஆனால் அதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இல்லை. அரசு அட்டவணையில் 9 மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் குழந்தைக்குப் போடுவது இந்த எம்.ஆர். ஊசிதான். மூன்று நோய்க்கும் சேர்த்துப் போடுவது எம்.எம்.ஆர். அதை 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயதுக்குள் ஒன்று என மூன்று முறை போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். அதைத் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போடவேண்டியிருக்கிறது. கேரளத்தில் 2024-இன் முதல் சில மாதங்களிலேயே ஆயிரக்கணக்கானோருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டிலும் வந்தது.

"எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று சொல்கிற வீடுகளில், தயவுசெய்து பெட்டியிலிருந்து தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதியிருப்பது எம்.ஆர்.ஆ, எம்.எம்.ஆர்.ஆ? எம்.ஆர். என்று மட்டும் இருந்தால் உங்கள் மகனுக்குப் பொன்னுக்கு வீங்கிக்குப் பாதுகாப்பு இல்லை. பத்து வயதானாலும் இருபது வயதானாலும் இப்போதும் போடலாம். பெரியவர்களுக்கு நாலு வாரமாவது இடைவெளி விட்டு இரண்டு ஊசி. உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆனது என்பதால் கர்ப்பிணிகளுக்குப் போடக்கூடாது. போட்டுக்கொண்ட பெண் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக்கூடாது. மற்ற ஆண்கள் ஏன் தள்ளிப்போடுகிறீர்கள்?

அத்திபெலே மாதிரி ஊரை நினைத்து நான் பயப்படக் காரணம் இருக்கிறது. இந்த நோய் எச்சிலால் பரவுவது. ஒரே ரூமில் ஐந்தாறு பேர், ஒரே தண்ணீர் பாட்டில், ஒருவன் இழுத்த சிகரெட்டை இன்னொருவன் வாங்கி இழுப்பது, ஒருவன் ஷிப்ட் போனதும் அதே பாயில் அடுத்தவன் படுப்பது. கிருமி தொற்றி நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் இரண்டரை வாரம் போல ஆகிவிடும். ஒருவனுக்குத் தாடை வீங்கியிருக்கும்போதே பக்கத்துப் பாய்க்காரனுக்குள் கிருமி இருக்கலாம். வீக்கம் தொடங்கி ஐந்து நாள் தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. காண்ட்ராக்டில் இருப்பவன் லீவு போட்டால் சம்பளம் போகும் என்று மூன்றாம் நாளே கிளம்பிவிடுகிறான். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குக் கிடைக்காது. அந்தப் பணம் உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் போவதுதானே!

இன்னொரு வலி இருக்கிறது, அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாது. பெரும்பாலும் 12 முதல் 18 வயதுப் பையன்களுக்கு, சில சமயம் இளைஞர்களுக்கும், திடீரென்று ஒரு பக்க விரை தாங்கமுடியாமல் வலிக்கும். தூக்கத்திலிருந்தே எழுப்பிவிடும். வாந்தி வரும், விரை மேலேறி நிற்கும். விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் கொடி முறுக்கிக்கொண்டுவிட்டது. ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கைப் பிரித்தால் விரை பிழைக்கும். அதற்குமேல் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறாதீர்கள். அத்திபெலேயிலிருந்து திருவண்ணாமலை போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடும். ஓசூரோ ஆனேக்கல்லோ பெங்களூரோ, அறுவை அரங்கு திறந்திருக்கிற கிட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய் "விரை முறுக்கிக்கொண்டதா பாருங்கள்" என்று அதே வார்த்தையில் கேளுங்கள்.

மெதுவாக வேலை செய்யும் எதிரிகளும் உண்டு. நீர்க்கடுப்பு, சிறுநீர்த் துவாரத்தில் சீழ் இவற்றை வெட்டை என்று மறைத்துவைத்து, கடையில் வாங்கிய அரைகுறை மாத்திரையில் அமுக்கிவிடுகிறார்கள். எரிச்சல் நிற்கும். கிருமி மேலேறி, விரைக்குப் பின்னால் சுருண்டிருக்கிற, விந்தணு முதிரும் குழாயில் போய் உட்காரும். அங்கே குவியும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்களோடு ஆக்சிஜன் நச்சுகளையும் கக்குகின்றன. விந்தணுவுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வசதி மிகக் குறைவு. அதன் மேலுறை அரிபடும், வால் சோரும், தலைக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழை அறுபடும். குழாய் வடுவாகி அடைத்துக்கொண்டால் விந்தணு வெளியே வரவே வழியில்லை. காசநோயும் இதே குழாயில் வந்து தங்கும். வலியே இல்லாமல் கெட்டியான கட்டியாக ஆரம்பிக்கும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர் என்கிறபோது, வலிக்கவில்லை என்று அந்தக் கட்டியை விட்டுவிடுவது பெரிய தப்பு. காசநோய்க்கு அரசில் இலவச மருந்து. பால்வினை நோய்க்கு அரசு ஆஸ்பத்திரிகளில் சுரக்ஷா கிளினிக் இருக்கிறது, அதுவும் இலவசம். பால்வினை நோய்ச் சிகிச்சையை மனைவியும் சேர்ந்து எடுக்காவிட்டால் நோய் திரும்ப வரும்.

தடுப்பு ஒருமுறை உடைந்தால் நெடுநாள் விளைவும் உண்டு. வெளியே கசிந்த விந்தணுப் புரதத்துக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கலாம். 1954-இல் ஆம்ஸ்டர்டாமில் ரூம்கேவும் அமெரிக்காவில் வில்சனும், ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாமல், குழந்தையில்லாத சில ஆண்களின் ரத்தத்தில் அவர்களுடைய விந்தணுவுக்கே எதிரான ஆன்டிபாடியைக் கண்டார்கள். அது விந்தணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். கருப்பை வாய்ச் சளியில் முன்னேறவிடாமல் நின்ற இடத்திலேயே துடிக்கவிடும். அடிபட்டவர்கள், விரை அறுவை ஆனவர்கள், குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டு பின்னர் குழாயை மறுபடி இணைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆகியோருக்கு இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஆன்டிபாடிக்கு அவ்வளவு வலுவா என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. டெல்லியில் ஜி.பி.தல்வார் குழுவினர் கருவைத் தாங்கும் எச்.சி.ஜி. ஹார்மோனுக்கு எதிராகப் பெண்களுக்கு ஊசி போட்டு, 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். போதுமான ஆன்டிபாடி இருந்த 1,224 மாதச் சுழற்சிகளில் ஒரே ஒரு கர்ப்பம்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என்.ஆர்.முட்கல், விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனுக்கு எதிராக நாட்டுக் குரங்குகளில் ஆன்டிபாடி உண்டாக்கினார். ஆண் குரங்குகள் குட்டி உண்டாக்கும் திறனை இழந்தன. சில ஆண்களிடம் செய்த முன்னோட்டச் சோதனையையும் அவர் குழு 1997-இல் வெளியிட்டது. கருத்தடைக்காக நடந்த ஆராய்ச்சிகள் இவை. தற்செயலாக உடம்பே அப்படி ஆன்டிபாடி தயாரித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இவையே சாட்சி.

எல்லா எதிர்ப்பு மூலக்கூறும் விந்தணுவுக்கு எதிரி இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். டிஃபென்சின் என்பது கிருமியைக் கொல்லும் புரத வகை. அதில் ஒன்றான டிஃபென்சின்-126 விந்தணுவின் மேல் பூச்சாகப் படிந்து, பெண் உடம்பின் எதிர்ப்பு மண்டலத்திடமிருந்து அதை மறைத்து, சளியில் நீந்த உதவுகிறது. அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதான ஆண்களின் மனைவியருக்குக் கருத்தரிக்க அதிக காலம் பிடிக்கிறது என்று 2011-இல் கலிபோர்னியா டேவிஸ் ஆய்வாளர்களின் கட்டுரை சொன்னது. அத்தகையவர்களின் விந்தணு எண்ணிக்கையும் நீச்சலும் ரிப்போர்ட்டில் சாதாரணமாகவே இருக்கும். ரிப்போர்ட் 'நார்மல்' என்றால் குறை மனைவியிடம் என்று தீர்ப்பு எழுதுகிற மாமியார்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

ரிப்போர்ட் என்றதும் இன்னொரு உஷார். விந்துப் பரிசோதனையில் 'பஸ் செல்' (சீழ் செல், அதாவது வெள்ளணு) என்று ஒரு எண்ணைப் பார்த்ததும் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எழுதுகிறவர்களும் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நுண்ணோக்கியில் முதிராத விந்தணு செல்லும் வட்டமாக வெள்ளணு மாதிரியே தெரியும். சாயம் போட்டுப் பிரித்தால்தான் தெளிவாகும். ஒரு மில்லியில் 10 லட்சத்துக்கு மேல் வெள்ளணு இருந்தால் கவனிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எந்தச் சாயம் போட்டார்கள், கல்ச்சர் எடுத்தார்களா என்று கேளுங்கள். விந்தணு உருவாக 74 நாள் ஆகிறது, வெளியே வர மேலும் ஒன்றிரண்டு வாரம். எந்தப் பெரிய காய்ச்சலுக்குப் பிறகும் எண்ணிக்கை இறங்கும். போன மாதம் காய்ச்சலில் கிடந்தவர் இந்த மாதம் சோதித்துவிட்டு அழக்கூடாது. மூன்று மாதம் கழித்து, 2 முதல் 7 நாள் உறவு தவிர்த்து, மறுபடி சோதியுங்கள். பொன்னுக்கு வீங்கியில் விரை வீங்கியவர் கல்யாணம் பேசும்வரை காத்திருக்காமல் மூன்று மாதம் முடிந்ததும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

சந்தைக்கு வருகிறேன், எனக்குக் கோபம் வருகிற இடம் இது. ஓசூர் சாலைச் சுவர்களில் ஆண்மைக்குறைவு, விந்து கெட்டிப்படுதல் என்று போன் நம்பரோடு எழுதிவைத்து, மாதம் ஒரு நாள் லாட்ஜில் உட்காருகிற வைத்தியர்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போகாதீர்கள். அதைவிடப் பளபளப்பான ஆபத்து, ஏ.சி. அறைக்குள் 'இம்யூன் பிரச்சினை' என்ற பெயரில் வருகிறது. கணவரின் ரத்தத்திலிருந்து வெள்ளணுவைப் பிரித்து மனைவியின் கையில் தோலுக்கடியில் செலுத்துவது அதில் ஒன்று. கரு தங்கும் என்பார்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2002-லேயே ஆராய்ச்சி அனுமதிக்கு வெளியே இதைச் செய்யாதீர்கள் என்று நிறுத்தியது. தொடர் கருச்சிதைவுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்றே ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவர்களின் அமைப்பும் சொல்கிறது. பிரிட்டனின் கருத்தரிப்புச் சிகிச்சைக் கண்காணிப்பு ஆணையம் இத்தகைய எதிர்ப்பு மண்டலச் சிகிச்சைகளுக்குச் சிவப்புக் குறி போட்டிருக்கிறது. விந்தணு ஆன்டிபாடிக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்பதும் இப்படித்தான்: பலன் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, இடுப்பு எலும்பின் தலை செத்துப்போகும் அபாயம் மட்டும் உண்மை. ஆன்டிபாடி மிக அதிகமாக இருப்பவர்களுக்கு, ஒரே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை 1992-லிருந்து இருக்கிறது. அது ஆன்டிபாடி பிரச்சினையையே தாண்டிப் போய்விடும். செலவுதான் கூடுதல்.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. அப்படியிருந்தும் அரச மரம் சுற்றுவதும், ஸ்கேன் மேல் ஸ்கேனும், குழாய் அடைப்புச் சோதனையின் வலியும் முதலில் பெண்ணுக்கே. ஆண் கொடுக்கவேண்டியது ஒரு டப்பாவில் ஒரு சாம்பிள். அதை முதல் வாரத்திலேயே கொடுங்கள்.

கருத்தரிப்பு மையத்துக்குப் போவதானால், 2021-ஆம் ஆண்டு ஏ.ஆர்.டி. சட்டப்படி அது பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 'இம்யூன்' என்று தொடங்கும் எந்த ஊசிக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன், எந்தச் சோதனையில் எந்த எண்ணைப் பார்த்து இதை எழுதினீர்கள் என்று கேட்டு, டாக்டர் கையாலேயே தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு வேறொரு டாக்டரிடம் போய், இது எனக்குத் தேவையா என்று கேளுங்கள்.